கூசாமல் கேட்கும் தமிழ்

நோயர் உண்மையை மறைக்கின்றார் என்று மருத்துவர்கள் குறைப்படுகின்றனர். மறைக்கும்படி அவரிடம் கேட்டவர் யார் என்பதே நம் வினா.

முக்கூடலிலிருந்து பாளையங்கோட்டைப் பெரிய மருத்துவமனைக்கு வரும் பீடி சுற்றும் பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். அருகில் மாமியார், சுற்றிலும் மாணவர் பதின்மர். "ஒயிட் டிசுசார்சு இருக்கா?" என்று இளம் மருத்துவர் உரக்கக் கேட்டால், இல்லையென்றே அவள் தலையசைப்பாள். வெள்ளைபடுதல் என்னும் சொல்லை அவர் அறியாதவரல்லர், சொல்லக் கூசுகின்றார். அறிவுக்காக வராத ஆங்கிலம், கூச்சத்தை மூடும் போர்வையாக வருகின்றது! அனைத்திந்திய ஒதுக்கீட்டின் 15 விழுக்காட்டு இடங்களில் வரும் பிறமொழி மாணவர் நிலை இன்னும் கடிது. "முழுகாம இருக்கேன்" என்பதற்குக் குளிக்கவில்லை என்று பொருள்கொள்பவர், கருவுற்றவளுக்கு என்ன மருந்து எழுதுவாரோ!

நம்மவர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். பால்வினை நோய் என்பது நல்ல சொல்லாக்கமே. ஆயினும் ஊர்ப்புறத்து முதியவர் மேகம் என்றும் வெட்டை என்றுமே அறிவார். அவர் சொல்லும் தமிழே. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடியோடு மொழியும் ஒன்றாக வைக்கப்பட்டதை மறவாதீர்கள்.

இந்நாட்டில் எய்ட்சு நச்சுயிரி முதன்முதல் கண்டறியப்பட்டது சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நுண்ணுயிரியல் மாணவி நிர்மலா, பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களைத் தேடிச் சென்றார். மருத்துவமனைக்கு வந்த ஓரிருவருடன் முதலில் பழகினார். அவர்கள் காட்டிய வழியே பிறரை அடைந்தார். 1986-இல் வேலூரில் ஆய்ந்தபோது ஆறு பேர் குருதியில் அந்நச்சுயிரியின் அடையாளம் தெரிந்தது. பழகியிராவிடில் அக்குருதி கிடைத்திராது. எதற்காக எடுக்கப்படுகின்றது என்று அப்பெண்களுக்கு விளக்கப்படாமை குறையே. இன்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒப்பாது.

நோயரிடம் பேசும் முறை, 2019-இல் வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டத்தில் தனிப் பகுதியாயிற்று. தொடக்கத்தில் வட்டார மொழிப் பயிற்சியும் உண்டு. நன்று. ஆனால் அது நெட்டுருப் பாடமாகச் சுருங்கலாகாது. திரையிடுக, உடன்வந்தோரைச் சற்றே வெளியில் இருக்கச் சொல்லுக. "எல்லாரிடமும் கேட்பதுதான், உங்களிடமும் கேட்கலாமா?" என்று ஒப்புதல் பெற்ற பின்னரே வினவுக. "குடிப்பழக்கம் இல்லையே?" என்று கேட்டால் இல்லை என்னும் விடையைக் கேட்பவரே ஊட்டிவிடுகின்றார். பயிர் பொய்த்து, பூச்சிமருந்தை வீட்டில் வைத்திருக்கும் உழவரிடம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று நேரே கேட்கவேண்டும். கேட்பதாலேயே அவ்வெண்ணம் பிறந்துவிடும் என்னும் அச்சம் பொய்யென்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இவற்றையெல்லாம் மாணவர் வாய்விட்டுப் பேசிப் பழகவேண்டும். ஆசிரியர் உடனிருந்து திருத்தவேண்டும்.

சொற்களைத் திரட்டித் தருவது தமிழாசிரியர் கடன். பொருநைக் கரை ஊர்களில் மூத்த பெண்டிரிடமும் ஊர்ச் செவிலியரிடமும் கேட்டு, உடலையும் நோயையும் பற்றி வழங்கும் சொற்களை ஊர்ப்பெயருடன் எழுதி, வரும் தைத் திங்களுக்குள் நமக்கு விடுக்க.