தாழ்த்திய கார் ஒரு பக்கம் சாய்கிறதா? ஸ்பிரிங்கை மாற்றும் முன் டேப்பை எடுங்கள்!

பொங்கலுக்கு ஊருக்கு வந்த சித்தி மகன், புதிதாக வாங்கிய பழைய காரை வாசலில் நிறுத்தினான். திண்டிவனத்தில் திரும்பி, செஞ்சி வழியாகக் கீழ்பென்னாத்தூர் வந்து சேர்வதற்குள் வண்டியின் அடிப்பகுதி ஏழெட்டு இடத்தில் இடித்துவிட்டதாம். "லோயரிங் பண்ண வண்டிண்ணா, அப்படித்தான் இருக்கும்" என்றான். இடித்ததில் அவனுக்கு வருத்தமே இல்லை. அவன் கவலை வேறு. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால், காரின் முன்பகுதி இடதுபுறமாகச் சாய்ந்து நிற்பது நன்றாகவே தெரிந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியே கேட்டுவிட்டார்: "என்னாடா, வண்டி நொண்டுது?"

அந்த நொண்டலுக்கு அவன் ஏற்கெனவே இரண்டு முறை பணம் கட்டியிருந்தான். நகரத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில், "லெஃப்ட் ஸ்பிரிங் உக்காந்துடுச்சு" என்று சொல்லி முன்பக்க ஸ்பிரிங் இரண்டையும் மாற்றினார்கள். சாய்வு போகவில்லை. இன்னோர் இடத்தில் வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள். சாய்வு அப்படியே இருந்தது. மூன்றாவதாக ஒருவர், "உயரம் அட்ஜஸ்ட் பண்ற காயில்ஓவர் போட்டுக்குங்க, தாழ்ந்த பக்கத்தை நாலு சுத்து ஏத்திட்டா முடிஞ்சுது" என்று யோசனை சொன்னாராம்.

இந்த மூன்றில் கடைசி யோசனைதான் மோசமானது என்பேன். முதல் இரண்டில் போனது பணம் மட்டும். அலைன்மென்ட் என்பது சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்கும் வேலை, காரின் உயரத்தை அது மாற்றாது. மூன்றாவது யோசனையோ கோளாறை அப்படியே உள்ளே விட்டுவிட்டு, வெளியே கண்ணுக்குச் சமமாகக் காட்டுகிறது.

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலுக்கு அடியில் ஓட்டுச் சில்லை வைத்தால், பாரம் அந்தக் காலுக்கும் அதற்குக் குறுக்கே இருக்கும் காலுக்கும் கூடிவிடும். மற்ற இரண்டு காலும் பேருக்கு நிற்கும். காரிலும் அதே கதைதான். முன் இடதை மட்டும் ஏற்றினால், முன் இடது, பின் வலது சக்கரங்களில் எடை ஏறும். முன் வலதிலும் பின் இடதிலும் குறையும். கார் நேராக நிற்பதுபோல் தெரியும். ஆனால் மழை நாளில் அவசரமாக பிரேக் அடிக்கும்போது எடை குறைந்த சக்கரம் முதலில் பிடிப்பை விடும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓடுவது போன்ற ரேஸ் கார்களுக்கு நான்கு சக்கரத்துக்கும் கீழே தனித்தனி எடை மேடை வைத்து உயரத்தைச் சரிசெய்வது இதனால்தான். கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை.

தரையை நம்பாதீர்கள்

அளவெடுப்பது பெரிய வித்தை இல்லை, தையல் டேப் போதும். ஆனால் எங்கே வைத்து அளக்கிறோம் என்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். நாங்கள் முதலில் நெல் காயவைக்கும் சிமென்ட் களத்துக்குப் போனோம். பார்க்க மேசை மாதிரி இருந்தது. மழைத்தண்ணீர் வடிவதற்காகக் களத்தைச் சரிவாகத்தான் போடுவார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. கொத்தனார் டியூப் லெவல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சுலபமான வழி ஒன்று உண்டு: அளந்துவிட்டு, அதே இடத்தில் காரை எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தி மறுபடி அளங்கள். சாய்வு காரோடு சேர்ந்து திரும்பினால் கோளாறு காரில். தரையோடு அதே பக்கத்தில் தங்கிவிட்டால் கோளாறு தரையில்.

அளப்பதற்கு முன் நான்கு டயரிலும் காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும், டிக்கியில் மூட்டை இருக்கக் கூடாது. ஜாக்கி போட்டு இறக்கிய உடனே அளக்கவே கூடாது. சக்கரம் தொங்கி இறங்கும்போது டயர் உள்வாங்கி நிற்கும், கார் உயரமாகத் தெரியும். பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, நாலு தடவை அமுக்கிவிட்டு அளக்க வேண்டும்.

தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கில் கலந்துவிடும். அதனால் ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் உள்விளிம்பு வரை அளங்கள். எப்போதோ இடிபட்டு டிங்கரிங் பார்த்த மட்கார்டு என்றால் அந்த விளிம்பே பொய் சொல்லும். அந்தச் சந்தேகம் இருந்தால், ஜாக்கி வைக்கும் இடத்திலிருந்து தரைக்கு எவ்வளவு என்றும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அளவு: முன் இடது 338 மி.மீ., முன் வலது 349. பின்பக்கம் இரண்டுக்கும் 3 மி.மீ. வித்தியாசம். டிரைவர் சீட், பேட்டரி, பெட்ரோல் டேங்க் எல்லாம் சரிநடுவில் இருப்பதில்லை. எனவே சில மி.மீ. வித்தியாசம் எந்தக் காரிலும் இருக்கும், அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 11 மி.மீ. அப்படியில்லை.

தாழ்ந்த பக்கம்தான் குற்றவாளியா?

செஞ்சி சாலையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனோம். அவர் இடதுபக்கம் போகவே இல்லை. நேராக வலதுபக்கம் குனிந்து டார்ச் அடித்தவர், "இந்தப் பக்கம் லோயர் ஆர்ம் எப்ப மாத்துனீங்க தம்பி?" என்றார். மாற்றியது பழைய ஓனராக இருக்க வேண்டும். ஆனால் ரப்பர் புஷ் புதிதாக இருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

விஷயம் இதுதான். லோயர் ஆர்ம் சேஸியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். பல கார்களில் இந்த ரப்பர் உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டிய நிலையில் வரும், தனியாகச் சுழலாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். அதனால் போல்ட்டை இறுக்குகிற நேரத்தில் ஆர்ம் எந்த நிலையில் இருந்ததோ, அதுதான் ரப்பருக்கு முறுக்கில்லாத நிலை. ஜாக்கியில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகிக்கொண்டு அந்தப் பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், கூடுதலாக ஒரு குட்டி ஸ்பிரிங் வைத்த மாதிரி. ஆக, இடது தாழவில்லை. வலதுதான் இறங்க மறுத்துக்கொண்டிருந்தது!

அவர் செய்தது இவ்வளவுதான். முன் சக்கரங்களை இரண்டு தடித்த பலகைமேல் ஏற்றி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போதே இரண்டு பக்க ஆர்ம் போல்ட்டையும் தளர்த்தினார். பானெட்டை அமுக்கி ஆட்டினார். திரும்ப இறுக்கினார். உருட்டிவிட்டு அளந்தால் இடது 339, வலது 343. இரண்டு ஸ்பிரிங்கை மாற்றிப் போகாத சாய்வு, ஒரு ஸ்பேனரில் போனது. (இதை நீங்களே வீட்டில் செய்யாதீர்கள். காருக்கு அடியில் போகிற வேலை. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கும் ஒவ்வொரு மாடலுக்கும் தனிக் கணக்கு உண்டு.)

எல்லாக் காரிலும் புஷ்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. தாழ்த்திய வண்டிகளில் அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, ஸ்பிரிங்கின் நுனி அதன் தட்டில் உள்ள பள்ளத்தில் உட்காராமல் ஏறி நிற்பது. ஒரு பக்கம் மட்டும் அடி ரப்பரைப் போட மறந்தாலும் உயரம் மாறும். அடுத்தது ஸ்டெபிலைசர் பார். இடதையும் வலதையும் இணைக்கிற கம்பி அது. ஒரு பக்க லிங்க் ராடு நீளம் மாறியிருந்தாலோ, இழுத்துப் பிடித்து மாட்டியிருந்தாலோ, அந்தக் கம்பியே காரைச் சாய்க்கும். லிங்க் ராடைக் கழற்றியதும் கார் நேரானால் விடை கிடைத்துவிட்டது.

ஸ்பிரிங்மீதே சந்தேகம் என்றாலும் புதிது வாங்குவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. இடது ஸ்பிரிங்கை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. சாய்வும் பக்கம் மாறினால் ஸ்பிரிங்தான். மாறாவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். கூலி கொஞ்சம் ஆகும், ஆனால் ஒரு செட் ஸ்பிரிங் விலை மிச்சம். சில மாடல்களில் கம்பெனியே இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு ஸ்பிரிங் கொடுக்கும். அதை மட்டும் பாகத்தின் எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெட்டின ஸ்பிரிங் என்றால் எனக்குப் பொறுமை போய்விடும். லோயரிங் செட் வாங்கக் காசில்லை என்று ஒரிஜினல் ஸ்பிரிங்கை கிரைண்டரில் ஒரு சுற்று வெட்டிப் போடுகிறார்கள். 6 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் 1 சுற்றைக் குறைத்தால் அது 20 சதவீதம் விறைப்பாகிவிடும். இடதில் ஒரு சுற்று, வலதில் ஒன்றேகால் சுற்று என்று கை தவறினால் சாய்வு உறுதி. கேஸ் வெல்டிங் தீயில் காய்ச்சி உட்காரவைப்பது இன்னும் மோசம், எஃகின் பதமே போய்விடும், நாளாக ஆக ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு அளவுக்கு இறங்கும். இவற்றுக்கு வைத்தியம் கிடையாது. கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் நல்ல ஸ்பிரிங் போடுவதுதான் வழி.

நம்ம ரோட்டுக்கு இது தேவையா?

தம்பி கோபித்துக்கொள்வான், இருந்தாலும் சொல்கிறேன். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம். இரண்டு சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர் உள்ள கார் அதன்மேல் ஏறி நின்றால், நடுவயிற்றுக்குக் கீழே குறைவது சுமார் 4.5 செ.மீ.தான். அதே 10 செ.மீ.யை ஒரு முழ அகலத்தில் மேடாகக் கொட்டிவைத்தால், முழுதாக 10 செ.மீ.யும் குறையும். நம்ம ஊர்ப் பக்கம் எந்த வகை அதிகம் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டுக்கே தரை இடைவெளி 163 மி.மீ. அதில் 40 மி.மீ. தாழ்த்தி, பௌர்ணமிக்குக் கிரிவலம் போக ஐந்து பேரை ஏற்றினால் மிச்சம் எவ்வளவு? இதில் ஒரு பக்கம் சாய்வும் சேர்ந்தால், முதலில் அடிபடுவது அந்தப் பக்கத்து ஷாக்கும் கட்டை ரப்பரும்தான்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே படித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அபராதத்தைவிட எனக்குப் பயம் இன்சூரன்ஸ்தான். விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் கண்ணில் படுகிற முதல் விஷயம் அந்த ஸ்பிரிங்காக இருக்கும்.

தம்பி இதற்கெல்லாம் மசியவில்லை. "ஸ்டாக்குக்கு மாத்துனா லுக்கே போயிடும்ண்ணா" என்கிறான். ஆனால் நான்கு மூலையின் அளவையும் தேதி போட்டு போனில் குறித்து வைத்திருக்கிறான். மாதம் ஒரு முறை, அதே இடத்தில், அதே திசையில் நிறுத்தி அளக்கிறான். போன வாரம் அனுப்பிய அளவில் பின் இடது 4 மி.மீ. இறங்கியிருந்தது. டிக்கியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய அரிசி மூட்டையாம், இன்னும் இறக்கவில்லை.