ஆரஞ்சு ஒயரைக் கண்டு ஒதுங்கலாமா?



"காதல், கவிதை, நட்பு... இந்த மூணும் இந்த வருஷம் நிறைய வந்துடுச்சு. வேற ஏதாவது எழுதிக் கொடு" என்றார் மலர்க் குழுத் தோழர். எனக்கு வேறு என்ன தெரியும்? வண்டிதான் தெரியும். ஆகவே வண்டியைப் பற்றியே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

எங்கள் ஊர் தீர்த்தமலை. மாசித் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு ஊரும் தெரியும், அங்கே பஸ்ஸில் இடம் பிடிக்கும் கஷ்டமும் தெரியும். எங்கப்பா அரூரில் ஒரு பட்டறையில் மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பன்னிரண்டு வயதில் மண்ணெண்ணெயில் போல்ட் நட்டு கழுவ ஆரம்பித்து, இன்றைக்கு இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடியவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் பிரிவில் நான் சேர்ந்ததற்குக் காரணம் அவர்தான் என்று சொல்லவும் வேண்டுமோ?

எங்கள் தெருவில் ஓர் ஆசிரியர் குடியிருக்கிறார். அரூரைத் தாண்டி ஒரு பள்ளியில் வேலை. போக வர தினம் சுமார் 40 கிலோமீட்டர். அவர் ஒரு ஹைப்ரிட் கார் வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம், விளம்பரம் ஆகிவிடும். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மின் மோட்டாரும் உண்டு என்று நான் விளக்கிச் சொன்னதும் எங்க ஆயா கேட்டது: "அப்படின்னா கலப்பின மாடு மாதிரியாடா?" சிரித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் பேராசிரியர்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காரைக் கழுவிக் கொடுப்பது என் வேலை. கூலி வாங்க மாட்டேன். அதற்குப் பதில் சார் ஒரு நோட்டு வைத்துக்கொள்ள அனுமதித்தார். ஒவ்வொரு முறை டாங்க் நிரப்பும்போதும் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர் என்று குறித்து வந்தேன். ஓராண்டு சராசரி லிட்டருக்கு 22.5 கிலோமீட்டர். விளம்பரத்தில் சொன்னது கிட்டத்தட்ட 28. ஆனாலும் அதே அளவுள்ள சாதா பெட்ரோல் காருக்கு எங்கள் ரோட்டில் பதினான்கரைதான் வருகிறது. எங்கள் ரோட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும். வேகத்தடை, பஸ் நிறுத்தம், குறுக்கே ஆடு, மறுபடி வேகத்தடை. சாதா காருக்கு இது நரகம். ஹைப்ரிட்டுக்கோ இதுதான் தீனி!

காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினுக்கு மெதுவாக ஓடும்போதுதான் செலவு அதிகம், பலன் குறைவு. மோட்டாருக்கோ நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதே முழு இழுவிசை உண்டு. அதனால் கிளம்பும் வேலையை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. பிரேக் பிடிக்கும்போது சாதா காரில் வேகம் முழுவதும் பிரேக் கட்டையில் சூடாகி வீணாகும். ஹைப்ரிட்டில் அதே மோட்டார் டைனமோ ஆகி பேட்டரியில் திருப்பிப் போடுகிறது. இன்ஜினும் சாதாரண ஓட்டோ சுழற்சி இல்லை, அட்கின்சன் சுழற்சி. இழுவிசை கொஞ்சம் குறையும், எரிபொருள் மிச்சமாகும். குறையும் இழுவிசையை மோட்டார் ஈடுகட்டிவிடும். டொயோட்டா கார்களில் இன்ஜின், ஜெனரேட்டர், மோட்டார் மூன்றையும் சேர்த்து வைப்பது ஒரே ஒரு கிரகப் பல்சக்கரத் தொகுதி. சூரியப் பல்சக்கரத்தில் ஜெனரேட்டர், தாங்கியில் இன்ஜின், வெளிவளையத்தில் மோட்டாரும் சக்கரமும். மூன்றாம் பருவத் தேர்வில் பத்து மார்க்குக்காக நாம் மனப்பாடம் செய்தோமே, அதே எபிசைக்ளிக் கியர்தான் நண்பர்களே! அன்றைக்கு யாராவது "இதை வைத்து ஒரு காரே ஓடுகிறது" என்று சொல்லியிருந்தால் மனப்பாடம் செய்திருக்க மாட்டேன், புரிந்து படித்திருப்பேன்.

இது நேற்று பிறந்த யோசனையும் அல்ல. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-லேயே பெட்ரோல் இன்ஜினால் மின்சாரம் எடுத்துச் சக்கர மோட்டாரைச் சுற்றவைத்த வண்டியைச் செய்துவிட்டார். பெருவாரியாக விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில், ஜப்பானில், டொயோட்டா பிரியஸ். நம் நாட்டுக்கு 2008-ல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் வந்தது. இறக்குமதி, விலை 20 லட்சத்துக்கு மேல். யார் வாங்குவார்? 2022-ல்தான் ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா என்று நடுத்தரக் குடும்பம் எட்டிப் பார்க்கிற விலையில் வந்தன. எட்டிப் பார்க்கிற விலை என்றேன், வாங்குகிற விலை என்று சொல்லவில்லை!

இங்கேதான் என் நோட்டுக் கணக்கைச் சொல்ல வேண்டும். சாரின் கார் ஆண்டுக்கு 11,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சாதா காரைவிட மிச்சமாவது சுமார் 270 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 27,000 ரூபாய். ஹைப்ரிட்டுக்காக அவர் கூடுதலாகக் கொடுத்தது இரண்டே முக்கால் லட்சம். போட்ட பணம் திரும்ப பத்து வருஷம் ஆகும். பேட்டரிக்கு வாரண்டியோ 8 வருஷம்தான்! இந்தக் கணக்கை சாரிடம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே ஒருநாள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தெரியும்டா. எனக்கு கிளட்ச் மிதிச்சு முட்டி வலி. இதுல கிளட்ச் இல்ல. அதுக்குத்தான் வாங்கினேன்" என்றார். மைலேஜுக்காக மட்டும் யாரும் கார் வாங்குவதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அதே கார் டாக்ஸியாக ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓடினால் மூன்று வருஷத்துக்குள் பணம் திரும்பிவிடும். ஆக, எரிபொருளை மிச்சப்படுத்தும் வண்டி நிறைய ஓடுகிறவன் கையில் இருக்க வேண்டும். ஆனால் விலையோ குறைவாக ஓட்டுகிறவன் மட்டும்தான் வாங்க முடியும் என்கிறது.

இதில் வரியின் பங்கும் உண்டு. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நான் மேலே சொன்னவை போன்ற ஹைப்ரிட்டுக்கு செஸ் சேர்த்து 43 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சி.சி.க்குள் இருந்தால் பெட்ரோல் ஹைப்ரிட்டுக்கும் 18 சதவீதம்தான். ஆனால் ஹைரைடர், விட்டாரா, சிட்டி எல்லாமே நான்கு மீட்டரைத் தாண்டியவை. லிட்டருக்கு 22 கொடுக்கிற வண்டிக்கும் 10 கொடுக்கிற வண்டிக்கும் ஒரே வரி என்பது எந்த ஊர் நியாயம்? அளவுகோலால் நீளத்தை அளந்து வரி போடுவதைவிட, புகையை அளந்து போடலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

"டேய், இனிமே எல்லாம் எலெக்ட்ரிக்தான். ஹைப்ரிட் இடையில வந்துட்டு இடையில போற சமாச்சாரம்" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் வாதம் செய்வான். அவன் பேச்சில் உண்மை இருக்கிறது. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் பாருங்கள். ஓசூரில் டி.வி.எஸ்., ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா. நம் சீனியர்கள் எத்தனை பேர் மின்சார ஸ்கூட்டர் வேலைக்குப் போயிருக்கிறார்கள்! ஆனால் எங்கள் தெருவில் சார் இருப்பது வாடகை வீடு. கார் நிற்பது வேப்பமரத்தடியில். மரத்தில் பிளக் பாயின்ட் இல்லை. ஒரு பெரிய காற்று அடித்தால் ஊரில் கரண்ட்டும் இல்லை.

இலங்கையைப் பாருங்கள். யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை ஜப்பானிலிருந்து வந்த அக்வா, பிரியஸ், ஃபிட் என்று ஹைப்ரிட் கார்கள் சர்வ சாதாரணம். 2022-ல் அங்கே எரிபொருள் பஞ்சம் வந்தபோது கியூ.ஆர். அட்டை காட்டினால் காருக்கு வாரம் 20 லிட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். 20 லிட்டரில் 250 கிலோமீட்டர் போகிறவனும், 400 கிலோமீட்டர் போகிறவனும் ஒரே வரிசையில் நின்றிருப்பார்கள். அது மட்டுமல்ல. 2020-லிருந்து பல ஆண்டுகள் அங்கே வாகன இறக்குமதியே நின்றுபோனது. புது வண்டி கிடையாது. அப்படியானால் பழைய ஹைப்ரிட்டை ஓட வைத்தது யார்? ஊருக்கு ஊர் இருந்த மெக்கானிக்குகள்தான். இரண்டாம் தலைமுறை பிரியஸ் பேட்டரி என்பது 28 சிறு பெட்டிகளின் வரிசை. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். ஒன்றிரண்டு பெட்டி செத்துப்போனால் அவற்றை மட்டும் மாற்றி வண்டியை ஓட்டலாம். முழு பேட்டரியையும் தூக்கிப்போட வேண்டியதில்லை.

இப்போது நான் சொல்ல வந்த சங்கதிக்கு வருகிறேன்.

கோடை விடுமுறையில் சார் மூன்று வாரம் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்து பட்டனை அழுத்தினால் கார் கிளம்பவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், "நீங்க எதையும் தொடாதீங்க, வண்டியை லாரியில ஏத்தி அனுப்புங்க" என்று ஒரு தொகை சொன்னார்கள். எங்கள் வீட்டு ஒரு மாசச் செலவு அது! சார் எங்கப்பாவைக் கூப்பிட்டார். அப்பா வந்தார். பானெட்டைத் திறந்தார். உள்ளே தடிமனாக ஆரஞ்சு நிற ஒயர்கள் போவதைப் பார்த்தார்.

முப்பது வருஷம் லாரி இன்ஜினை இறக்கி ஏற்றிய மனுஷன், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்குத் தெரியாது சார். இதுல கை வெச்சா ஆள் போயிடுவாங்கன்னு சொல்றாங்க" என்றார். எங்கப்பா "தெரியாது" என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தொண்டை அடைத்தது.

அவர் பயந்ததில் தப்பே இல்லை. ஆரஞ்சு என்றால் உயர் மின்னழுத்தம். நூற்றுக்கணக்கான வோல்ட். சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டர் அடங்கப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ரப்பர் கையுறை 1000 வோல்ட் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். ஆனால் அதே காரில் நம் சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரை எழுப்புவது அதுதான். அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி எழுந்திருக்காது. வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 9 வோல்ட்! ஆரஞ்சு பக்கமே போகாமல், அப்பாவின் முதலாளி வண்டியிலிருந்து ஜம்பர் ஒயர் கொடுத்தோம். பிளஸ்ஸை நான் மாட்டினேன், மைனஸை அப்பா மாட்டினார். பட்டனை அழுத்தியதும் சத்தமே இல்லாமல் 'ரெடி' என்று விளக்கு எரிந்தது. சத்தம் வராததால் அப்பா நம்பவில்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் நம்பினார்.

ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கு அந்தப் புகழ் இனிக்கவில்லை. இருபது நிமிஷ வேலை அது. எங்கப்பாவுக்கு யாராவது ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்திருந்தால் அவரே என்னைவிட நன்றாகச் செய்திருப்பார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. சர்வீஸ் சென்டர்காரர்கள் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் பிழைப்பு. அப்புறம் யார் சொல்வது? நாம்தான்!

நமக்கே எவ்வளவு தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் ஒர்க்‌ஷாப்பில் வெட்டி வைத்திருப்பது அம்பாசிடர் இன்ஜின். அந்தக் கார் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வால்வு எப்படித் திறக்கிறது என்று நான் கண்ணால் பார்த்தது அதில்தான். ஆனால் அதன் பக்கத்தில் விபத்தில் அடிபட்ட ஒரு ஹைப்ரிட் காரின் கியர்பெட்டியையும் பேட்டரிப் பெட்டியையும் வாங்கி வைக்க முடியாதா? நம் மாணவர் பேரவை விளையாட்டு விழாவுக்கும் கலை விழாவுக்கும் மனு கொடுக்கிறது. இதற்கும் ஒரு மனு கொடுக்கட்டுமே. ஹைப்ரிட்டில் இன்ஜினும் இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது. நாளைக்கு எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அதைப் படித்தவன் பிழைத்துக்கொள்வான். எலெக்ட்ரிக் பேசும் என் தோழனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கூடவே இன்னொரு கோரிக்கை. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, அரூர், மொரப்பூர், தர்மபுரி பட்டறைக்காரர்களை நம் ஒர்க்‌ஷாப்புக்குள் கூப்பிடுவோம். நாம் ஆரஞ்சு ஒயரைச் சொல்லிக் கொடுப்போம். அவர்கள் நமக்கு இன்ஜின் சத்தத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும். எந்த எலெக்ட்ரிகல் வாத்தியார் வருவார், யார் டீ வாங்குவார் என்பதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எனக்கு கார் வாங்கும் யோசனை ஏதும் இல்லை. பஸ் பாஸில் வருகிறவன் நான். போன வாரம் இந்தக் கட்டுரையை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பா முழுவதும் கேட்டார். "நான் கையைக் கட்டிக்கிட்டதை எழுதணுமாடா?" என்றார். "எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருக்கட்டும்" என்றவர், "அந்த ரப்பர் கையுறைன்னு சொன்னியே, என் கைக்கு அளவு கிடைக்குமா?" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஸ்கேல் எடுத்து அளந்து வைத்திருக்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு