வைரம் காணாத ஒளி

2023 ஜூனில் அமெரிக்கா சென்ற பிரதமர், அந்நாட்டு அதிபரின் துணைவியாருக்கு 7.5 காரட் ஆய்வக வைரம் ஒன்றைப் பரிசளித்தார். அவ்வாண்டு நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பைத் தொடர்ந்து, ஆய்வக வைர ஆராய்ச்சிக்கெனச் சென்னை ஐஐடிக்கு ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 243 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இறக்குமதியைக் குறைப்பதும் உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்குவதும் அதன் நோக்கம். அதில் குறை காண ஏதுமில்லை. ஆயினும் வைரத்தை அணிகலனாகவே கண்டு பழகிய கண்ணுக்கு, அதன் அரிய பண்பொன்று தப்பிவிடுகிறது.

வைரம் பெரும்பாலான ஒளியைப் பொருட்படுத்துவதில்லை. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.1 எலக்ட்ரான் வோல்ட். எனவே 1100 நானோமீட்டர் வரையிலான ஒளி அதில் மின்னோட்டத்தை எழுப்பிவிடும். வைரத்துக்கோ அவ்விடைவெளி 5.5. ஏறத்தாழ 225 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள ஒளி, தூய வைரத்தை ஊடுருவிச் சென்றுவிடும். வைரம் தெளிந்திருப்பதன் காரணமும் இதுவே. ஆங்கில வழக்கில் இத்தகைய உணரிக்குச் 'சூரியக் குருடு' என்று பெயர். குருடு என்பது பாராட்டாக வழங்கும் துறைகள் மிகச் சிலவே.

இக்குருட்டின் மதிப்பு சூரியனை ஆராயும்போது விளங்கும். புவியருகே ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் 1361 வாட். அதில் ஹைட்ரஜன் உமிழும் லைமன் ஆல்ஃபா எனும் 121.6 நானோமீட்டர் கோட்டின் பங்கு, ஒரு வாட்டின் நூறில் ஒரு பகுதியை எட்டுவதும் அரிது. புவியின் மேல்வளிமண்டலத்தைப் பாதிக்கும் அக்கோட்டைச் சிலிக்கானால் அளக்க முனைந்தால், எஞ்சிய வெள்ளத்தை வடிகட்டிகளால் தடுத்தாகவேண்டும். வடிகட்டியோ வேண்டிய ஒளியையும் சேர்த்தே விழுங்கும்.

2009 நவம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ப்ரோபா-2 செயற்கைக்கோளில், பெல்ஜியம் தலைமையில் உருவான லைரா எனும் கருவி வைர உணரிகளைச் சுமந்து சென்றது. அதன் பாடம் இருமுனைப்பட்டது. நாள்தோறும் இயங்கிய அலகின் லைமன் ஆல்ஃபா தடம் சில மாதங்களிலேயே பெரிதும் மங்கியது. கலத்திலிருந்து கசிந்த கரிமப் பொருள்கள் வடிகட்டிகளின்மீது படிந்து, புற ஊதாக் கதிரால் இறுகியதே முதன்மைக் காரணம். வைரம் பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. அதன் முன்னிருந்த வடிகட்டியே தோற்றது. குறித்த ஓர் அலைநீளத்தைப் பிரித்தெடுக்க வைரத்துக்கும் வடிகட்டி தேவை என்பதை ஆர்வலர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

எல்லாப் பணிக்கும் வைரம் பொருந்தாது. ஆதித்யா எல்-1 கலத்தின் சூட் தொலைநோக்கி காணும் 200 முதல் 400 நானோமீட்டர் வரையிலான பரப்பின் பெரும்பகுதி வைரத்துக்குப் புலப்படாது. அதன் களம் அதற்குக் கீழே உள்ளது. அக்களம் இந்தியாவுக்குப் புதிதன்று: 2013-இல் சென்ற மங்கள்யானில் லைமன் ஆல்ஃபா ஒளிமானி ஒன்று இருந்தது.

நகைக்கு ஏற்ற கல் உணரிக்கு ஏற்றதாகிவிடாது. படிகம் விரைந்து வளர்வதற்காகச் சிறிது நைட்ரஜன் சேர்ப்பதை நகைத்தொழில் ஏற்கும். மின்னணுத் தரத்திலோ நூறு கோடி அணுக்களுக்கு ஐந்து நைட்ரஜன் அணுக்கள் இருப்பதே மிகுதி. அத்தூய்மைக்குப் பொறுமையான வளர்ப்பு வேண்டும். சந்தை அதற்கு விலை தராது. பொதுப்பணம் செல்லவேண்டிய இடம் அதுவே. அந்த 243 கோடியில் ஒரு வளர்ப்புக்கலத்தையேனும் இத்தரத்துக்கென ஒதுக்குவது மிகையான கோரிக்கையன்று. விளையும் உணரியைச் சோதிக்கத் தனிச் செயற்கைக்கோளும் தேவையில்லை. பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்தையே சோதனை மேடையாக்கும் இஸ்ரோவின் போயம் திட்டத்தில், இத்தகைய சிறு கருவிகளுக்கு ஏற்கெனவே இடமளிக்கப்பட்டு வருகிறது.