கிணற்றுச் சிப்பியும் குமரிக்கண்டமும்

கிணறு வெட்டிய கல்லில் ஒரு சிப்பி அச்சு தெரிந்தால் போதும், மறுநாளே அது குமரிக்கண்டத்துக்கு ஆதாரமாகி வட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது. கடல் கொண்ட தமிழன் நாடு யாழ்ப்பாணத்து மண்ணுக்குக் கீழே கிடக்கிறதாம். இந்த மாதம் மட்டும் எனக்கு மூன்று தடவை வந்துவிட்டது. அனுப்பியவர்களில் இருவர் பட்டதாரிகள். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில், அந்தச் சிப்பி சொல்வது நேர் எதிர்க்கதை. நாடு ஒன்றைக் கடல் கொண்டதென்றால் கடலடியில் வீட்டுத் தளமோ மரவேரோ கிடைக்க வேண்டும். இங்கே கிடைப்பது என்ன? தரையின் கீழே கடற்பிராணி. அதாவது இந்த இடம் கடலாக இருந்து பின்னர் நிலமானது. நமக்குத் தண்ணீர் தரும் சுண்ணக்கல் முழுவதும் அப்படி ஆழமற்ற, வெதுவெதுப்பான கடலில் படிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் ‘மயோசீன் சுண்ணக்கல்’ என்று மனனம் செய்தோமே, அதேதான்.

மயோசீன் என்று எப்படித் தெரிந்தது? வேலண்டும் மோர்லி டேவிசும் 1923இல் இலங்கையின் மயோசீன் பற்றி எழுதிய ஆய்வு இதில் அடிப்படையானது. ஆனால் வயதைச் சொல்ல உதவும் சாட்சி, நாம் படம் பிடித்து அனுப்பும் பெரிய சிப்பி அல்ல. பல சிப்பி இனங்கள் உருவம் அதிகம் மாறாமல் நெடுங்காலம் வாழ்பவை. அவற்றின் சாயலை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. காலம் சொல்ல வேறோர் உயிர் வேண்டும்: கொஞ்சக் காலமே வாழ்ந்திருக்க வேண்டும், பரந்த கடலெங்கும் வாழ்ந்திருக்க வேண்டும், ஏராளமாகக் கிடைக்க வேண்டும். பொராமினிபெரா என்ற ஒற்றைக்கல உயிர்கள் அதற்குப் பொருத்தமானவை. அவற்றில் ஒன்று சிறிய வட்டத் தட்டுப் போன்றது. கொல்லத்துச் சுண்ணக்கல்லில் கிடைத்த அதைப் பம்பாயிலிருந்த மருத்துவர் கார்ட்டர் 1853இல் விவரித்து ‘மலபாரிக்கா’ என்று பெயரிட்டார். அதே உயிர் நம்முடைய சுண்ணக்கல்லிலும் இருக்கிறது. கொல்லமும் யாழ்ப்பாணமும் ஒரே கடலின் அடியில் கிடந்த காலம் அது, ஆரம்ப மயோசீன். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள்.

இங்கே ஒரு கெட்டிக்காரர் எழுந்து, “கல்லை வைத்து உயிரின் வயது, உயிரை வைத்துக் கல்லின் வயது, இது செக்கு சுற்றுகிற வேலைதானே?” என்பார். இல்லை. கீழ்ப்படை மூத்தது, மேற்படை இளையது. இதற்கு எந்த உயிரும் வேண்டாம். எந்தப் படையில் எந்த உயிர் என்ற வரிசையை இங்கிலாந்தில் கால்வாய் வெட்டிய இடங்களைப் பார்த்தே வில்லியம் ஸ்மித் எழுதி வைத்தார். டார்வினின் நூல் வந்தது 1859இல், ஸ்மித் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து. ஆண்டுக் கணக்கு அதற்கும் பிறகு வந்தது. எரிமலைச் சாம்பல் படைகளின் கதிரியக்கம், பாறையில் பதிந்த காந்தத் திசை, பூமியின் சுற்றுப்பாதை மாற்றம் என்று தனித்தனி வழிகளில் அளந்தார்கள். இத்தாலியில் ஒரு கடற்படிவுத் தொடரில் குறிக்கப்பட்ட மயோசீனின் தொடக்கம் 2.3 கோடி ஆண்டு என்பது அப்படி வந்த எண். இன்னொரு வழியும் உண்டு. கடல்நீரில் ஸ்ரொன்சியத்தின் இரண்டு வகைகளுக்கிடையிலான விகிதம் ஆரம்ப மயோசீனில் ஏறிக்கொண்டே போனது. வளரும் ஓடு அன்றைய விகிதத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. (ஓடு கரைந்து அச்சு மட்டும் மிஞ்சியிருந்தால் அதற்கு வழியில்லை.)

“காபன் பரிசோதனைக்கு அனுப்புவோம்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காபன்-14 ஒவ்வொரு 5,730 ஆண்டிலும் பாதியாகிறது. ஐம்பதாயிரம் ஆண்டுக்குப் பின் அளக்க ஒன்றும் மிஞ்சாது. இரண்டு கோடி ஆண்டுச் சிப்பிக்கு அது எதற்கு? நம் மனித இனத்துக்கே வயது ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுதான். அந்தக் கடலைப் பார்க்கத் தமிழனும் இல்லை, சிங்களவனும் இல்லை. யார் முதலில் வந்தார் என்ற சண்டைக்கு இந்தக் கல்லை இழுப்பவர்கள் இரு பக்கத்திலும் உண்டு. இருவருக்கும் இதே பதில்தான்.

கடல் நிலத்தை விழுங்கியதே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருபதாயிரம் ஆண்டுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கும் 120 மீற்றரளவு கீழே இருந்தது. பாக்குநீரிணை அப்போது நடந்து போகும் நிலம். பிறகு கடல் ஏறியது, மனிதர் கண்முன்னே ஏறியது. கடல்கோள் கதைகளுக்கு வேர் தேடுகிறவர்கள் அங்கே தேடட்டும், நானும் கேட்க ஆவலாயிருக்கிறேன். அந்தத் தேடலைத்தான் இந்தப் படங்கள் கெடுக்கின்றன. ஒரு பிழையான சான்றைக் காட்டினால், நாளை சரியான சான்றோடு வரும் நம் பிள்ளையையும் உலகம் சிரித்து அனுப்பிவிடும்.

இன்னொரு கோபமும் உண்டு. காங்கேசன்துறையில் சீமெந்துக்காக வெட்டிய குழிகளின் சுவர்கள் படைகளைத் திறந்து காட்டும் புத்தகம். நமக்கோ, கைவிட்ட கற்குழி என்றால் குப்பை கொட்டும் இடம். சிப்பிக் கல்லையும் அப்படித்தான் பெயர்த்தெடுத்துக் கழுவி அலுமாரியில் வைக்கிறோம். எந்த ஆழம், எந்தப் படை என்று தெரியாத கல் முகவரி கிழிந்த கடிதம்தான். அடுத்த கிணறு வெட்டும்போது, தரையிலிருந்து எத்தனை அடியில் கிடைத்தது, செம்மண் எங்கே முடிந்து கல் எங்கே தொடங்கியது என்று ஒரு துண்டில் எழுதிக் கல்லோடு கட்டி வையுங்கள். படம் அனுப்புவதென்றால் அந்தத் துண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.