எங்கக்காவின் இடுப்பில் கட்டிய பெட்டி

"நீங்கள் போதிய உடலுழைப்பில் ஈடுபடுவதில்லை. தினமும் 30 நிமிடம் வேகமாக நடக்கவும்" என்று அச்சடித்த தாள் ஒன்று போன வருசம் எங்கக்கா கைக்கு வந்தது. அவளுக்கு வயசு 51. படிக்கத் தெரியாது, என்னிடம் நீட்டினாள். வாசித்துச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப நான் செய்றதெல்லாம் என்னாடி?" என்றாள்.

சர்க்கரை வியாதி ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு எங்கள் காலனிக்கு வந்தார்கள். நாற்பதிலிருந்து அறுபது வயசுக்குள் இருக்கும் பொம்பளைகளாகப் பொறுக்கி, தீப்பெட்டியைவிடச் சின்னதான ஒரு பெட்டியை எலாஸ்டிக் பட்டையில் கோர்த்து இடுப்பில் கட்டிவிட்டார்கள். அதற்குப் பெயர் அசைவுமானி. உடம்பு அசைய அசைய அது எண்ணும். ஏழு நாள் கட்டியிருக்கணும், குளிக்கும்போது கழற்றணும், தண்ணியில் நனையக்கூடாது, தொலைத்தால் பதில் சொல்லணும்.

அது நடவுக்காலம். முழங்கால் சேற்றில் நிற்கிறவள் என்ன செய்வாள்? "வெலை ஒசந்த சாமானாம். நனைஞ்சா நம்மகிட்டதான கேப்பாங்க" என்று வயலுக்குப் போனதும் கழற்றி, தூக்குச்சட்டியோடு சேர்த்துப் பூவரச மரக்கிளையில் மாட்டிவிட்டாள். கரையேறி கைகால் கழுவிய பிறகுதான் மறுபடி கட்டினாள். இப்படி மூணு நாள். மிச்ச நாலு நாள் வேலை கிடைக்கவில்லை, வீட்டோடு இருந்தாள்.

இந்த ஆய்வுகளில் வழக்கமாக ஒரு விதி உண்டு. பெட்டி தொடர்ந்து 60 நிமிடம் அசையாமல் இருந்தால் அதைக் 'கட்டாத நேரம்' என்று கழித்துவிடுவார்கள். 10 மணி நேரமாவது கட்டிய நாள்தான் நாள். அப்படி 4 நாள் இருந்தால் ஆள் கணக்கில் சேர்வாள். ஆக, அக்கா இடுப்பொடிய உழைத்த மூணு நாளும் கழிந்துபோச்சு, சும்மா இருந்த நாலு நாள் அவளுடைய வாழ்க்கை ஆகிவிட்டது. தோழர்களே, இதில் யாரும் பொய் எழுதவில்லை. விதிப்படிதான் எல்லாம் நடந்திருக்கிறது.

சரி, கட்டிக்கொண்டே நட்டிருந்தால்? மிதமான உழைப்பு என்பதற்கு உலகமெங்கும் எடுத்தாளப்பட்ட ஒரு எல்லைக்கோடு, நிமிடத்துக்கு 1952 எண்ணிக்கை. 1998இல் அமெரிக்காவில் பேட்டி ஃப்ரீட்சனும் கூட்டாளிகளும் 50 பேரை ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் விட்டு வகுத்தது அது. இளவயதுக்காரர்கள், சமதளம், மூன்று வேகம், கையில் சுமை இல்லை. இடுப்பு எவ்வளவு மேலும் கீழும் குலுங்குகிறதோ அவ்வளவு உழைப்பு என்று பொருள். நடவில் குனிந்த இடுப்பு குனிந்தபடியே பின்னால் நகர்கிறது, உழைப்பெல்லாம் கையிலும் முதுகிலும். நாற்றுக்கட்டைச் சும்மாட்டில் ஏற்றிக்கொண்டு வழுக்கும் வரப்பில் ஒருத்தி மெல்ல நடந்தால், தலையில் பாரம் இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரியாது. மெதுவாக நடக்கிறாள், சோம்பேறி என்று குறித்துக்கொள்ளும். இந்த வசவை நாங்கள் ஏற்கனவே பண்ணையார் வாயால் கேட்டிருக்கிறோம்.

விஞ்ஞானிகளுக்கு இது தெரியாததல்ல. 2000இலேயே அமெரிக்காவில் ஒரு குழு நடுவயதினரை வைத்து வீட்டுவேலையையும் கோல்ஃப் ஆட்டத்தையும் அளந்து பார்த்து, அசைவுமானி இவற்றைக் குறைத்துக் காட்டுகிறது என்று எழுதியது. (கோல்ஃப்! நாற்றுநடவு யாருக்கும் தோன்றவில்லை.) நிறையப் பேரை அளந்தால் பிழை சமன்பட்டுவிடும் என்று பதில் சொல்வார்கள். பிழை இரண்டு பக்கமும் சாய்ந்தால்தானே சமன்படும்? இது குனிந்து, சுமந்து, தேய்த்து, பெருக்கி வேலை செய்கிறவள் பக்கமே சாய்கிறது. அவள் எந்தச் சாதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கல்லூரி ஓய்வறையில் ஒரு பேராசிரியை மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுகிறார், இன்று பத்தாயிரம் அடி முடித்துவிட்டாராம். அந்தப் பத்தாயிரம் 1965இல் ஜப்பானில் ஓர் அடியெண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. அவர் நடக்கப் போன நேரத்தில் அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவளின் அடிகளை எந்தக் கடிகாரமும் எண்ணவில்லை.

எண்ணுகிற கடிகாரமும் எங்களுக்கு உண்டு. 2020 வாக்கில் சண்டிகர், நாக்பூர், பஞ்ச்குலா நகராட்சிகள் துப்புரவுத் தொழிலாளர் கைகளில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டின. கழற்றினால் சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயம். கழிப்பறைக்குள்ளும் இது பார்க்கிறதோ, கேட்கிறதோ என்று பெண்கள் கூசினார்கள். அவர்கள் கையில் மாட்டினால் ஆரோக்கியம், எங்கள் கையில் மாட்டினால் கங்காணி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "உழைக்கிற பொம்பளைக்கு நோய் வராது" என்று எங்களைப் புகழ்கிற கூட்டமும் இருக்கிறது. அது இன்னும் மோசம். எங்கக்காவுக்கு மூட்டு தேய்ந்திருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, தீட்டு நிற்கும் காலத்தில் உதிரம் கொட்டக் கொட்ட வயலில் நின்றிருக்கிறாள். உடற்பயிற்சியில் வேகத்தை முடிவு செய்கிறவர் நாம், வேண்டும்போது நிறுத்தலாம். கூலிவேலையில் வரப்பில் நிற்கிறவன் முடிவு செய்கிறான். டென்மார்க்கின் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் இப்போது இந்த வேறுபாட்டைத்தான் பேசுகிறார்கள். ஆகவே அவளை 'சுறுசுறுப்பானவள்' பட்டியலுக்கு மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு கனம், எத்தனை மணி, ஓய்வு உண்டா, யார் சொல்லி நிமிர்ந்தாள் என்று வாயைத் திறந்து அவளிடமே கேளுங்கள், அதையும் எழுதுங்கள் என்கிறேன்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் அக்கா சொல்லச் சொல்ல அவளுடைய ஒரு நடவு நாளை எழுதி, தபாலில் அந்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பினேன். பதில் வரவில்லை. இந்த வருசமும் வரப்போகிறார்களாம். இது கையில் கட்டுகிற பெட்டியாம், தண்ணியில் நனையலாமாம். கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று அக்கா இன்னும் முடிவு செய்யவில்லை. "ஏழு நாளைக்கு என்னா கூலின்னு முதல்ல கேட்டுச் சொல்லு" என்றிருக்கிறாள்.