பொத்தானும் கணக்கும்

நீர்மூழ்கிக் கப்பலைக் கணினித் திரையில் செலுத்தும் விளையாட்டுகளில் மெய்ம்மை வேண்டுமா, வசதி வேண்டுமா என்று வாதிடுகின்றனர். 2005-இல் வெளிவந்த ‘சைலண்ட் ஹண்டர் 3’ அதனை ஆடுவோர் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. பகைக் கப்பலின் தொலைவு, வேகம், செல்திசைக் கோணம் ஆகியவற்றைப் பெரிஸ்கோப் வழியே தாமே அளந்து டார்பிடோவை ஏவலாம். அன்றேல் கணக்கனைத்தையும் கணினியிடம் ஒப்படைத்துப் பொத்தானை மட்டும் அழுத்தலாம். வாரக்கணக்கான பயணத்தைச் சுருக்கவும் வழியுண்டு.

காலத்தைச் சுருக்குவதை நாம் குறை கூறோம். வெறுங்கடலை நாள் முழுதும் பார்த்திருக்க எவருக்கு ஓய்வுண்டு? கணக்கை ஒழிப்பதைத்தான் மறுக்கிறோம். அளவெடுக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் மாலுமியின் அச்சம் முழுதும் அடங்கியிருக்கிறது. தன் இருப்பிடமும் அப்போதே வெளிப்படக்கூடும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் சென்ற ஏறத்தாழ 40,000 பேரில் சுமார் 30,000 பேர் மாண்டனர். இதனை மறைப்பதற்கு வசதி என்றா பெயர்?

‘விளையாட்டுத்தானே’ என்பர். விருதுநகர் மாவட்டத்தார் அவ்வாறு கூறலாகாது. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் கருகின. மருந்தின் அளவும் உராய்வும் உயிரைத் தீர்மானிக்கும் மண்ணில் வளரும் பிள்ளைகள், வெடிப்பென்பது பொத்தானை அழுத்தினால் பூக்கும் வண்ணக்காட்சி என்றா கற்க வேண்டும்? கணக்குப் பிழைத்தால் டார்பிடோ கடலோடு போகட்டும், மறுபடியும் அளக்கட்டும்.