பழைய விளையாட்டும் புதிய கணினியும்

சென்ற பாடசாலை விடுமுறைக்கு வந்திருந்த பேரன், அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த பிஸ்கட் பேணி ஒன்றைக் கிளறி எடுத்தான். அதனுள் அவனுடைய தகப்பன் 1990களின் பிற்பகுதியில் சேர்த்து வைத்திருந்த இறுவட்டுகள் இருந்தன. கோட்டை கட்டிப் படை நடத்தும் வியூக விளையாட்டொன்றும் அவற்றுள் அடக்கம். "அப்பப்பா, இதைப் போட்டுப் பார்ப்பமே?" என்றான். அவனுடைய மடிகணினியில் இறுவட்டைச் செருக இடமே இல்லை. அயல்வீட்டில் இரவல் வாங்கிய கருவியைப் பொருத்தினால், இந்நிரல் இக்கணினியில் இயங்காது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

என்னிடம் லினக்ஸ் இயங்குதளம் கொண்ட பழைய கணினி ஒன்று உண்டு. பத்திரிகைத் தொழிலிலிருந்து ஒதுங்கிய பின்னர் பொழுதுபோக்காகப் பழகியது. அதில் 'வைன்' என்னும் மென்பொருளை நிறுவி அதே இறுவட்டைக் கொடுத்தேன். அரைமணி நேரத் தடுமாற்றத்தின் பின் விளையாட்டு, இசையுடன் எழுந்து நின்றது. தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்த மகன் அந்த இசை காதில் விழுந்ததும் சற்று நேரம் பேசவில்லை.

விண்டோசுக்கென்று எழுதப்பட்ட பொருள், விண்டோஸ் அல்லாத இடத்தில் எவ்வாறு இயங்குகிறது? வைன் ஒரு மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திகளை நள்ளிரவில் தமிழாக்கிய எனக்கு இந்த உவமைதான் தோன்றுகிறது. "ஒரு சாளரத்தைத் திற", "இந்தக் கோப்பைப் படி", "இவ்வொலியை எழுப்பு" என்று விளையாட்டு விண்டோசிடம் கேட்கிறது. வைன் இடையில் நின்று அதனை லினக்சுக்குப் புரியும் கட்டளையாக்கிக் கொடுக்கிறது. விளையாட்டுக்குத் தான் வேற்றூரில் இருப்பது தெரியாது. கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக உருவாக்கும் முறை வேறு, இது வேறு.

ஆனால், மைக்ரோசொப்ட் தனது மூல நிரலைக் காட்டாத நிலையில் செய்த மொழிபெயர்ப்பு இது. வெளியிடப்பட்ட ஆவணங்களைப் படித்தும், இன்ன கேள்விக்கு விண்டோஸ் இன்ன பதில் தருகிறது என்று சோதித்துப் பார்த்தும் வரிவரியாக எழுதினார்கள். விண்டோசின் பிழைகளைக்கூட அவர்கள் பிசகாமல் பின்பற்ற வேண்டியிருந்தது. அந்தப் பிழைகளை நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகள் இருக்கின்றனவே! 1993 இல் தொடங்கிய இம்முயற்சியை 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் வழிநடத்தி வருகிறார். 1.0 என்ற எண்ணைத் தாங்கிய பதிப்பு வெளிவந்தது 2008 ஜூனில். பதினைந்து ஆண்டுகள்! எங்கள் பத்திரிகைகளில் ஓர் இணைப்பிதழைப் பதினைந்து வாரங்கள் தள்ளிப்போட்டால் ஆசிரியரின் கதிரை ஆட்டம் காணும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மிகப் பழைய 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. விண்டோஸ் 11 வெளிவந்ததே 64 பிட்டில் மட்டுந்தான். 1990களின் பல விளையாட்டுகளில், விளையாட்டு 32 பிட்டாக இருந்தாலும் அதனை நிறுவும் நிரல் 16 பிட்டாக இருப்பதால் வாசலிலேயே வழி அடைபட்டுவிடும். லினக்சில் வைன் அவற்றை இன்றும் இயக்குகிறது. பிறந்த வீடு மறந்த பிள்ளையை அயல்வீடு வளர்க்கிறது.

இன்னொன்று வேடிக்கையன்று. களவுப் பிரதிகளைத் தடுக்க 'சேப்டிஸ்க்' என்னும் பூட்டை இறுவட்டுகளில் இட்டார்கள். அந்தப் பூட்டுக்கான இயக்கி பாதுகாப்புக் குறைபாடு உடையதென்று 2015 இல் விண்டோஸ் 10 அதனைக் கைவிட்டது. முடிவு நியாயமானதே. ஆயினும் பணம் கொடுத்து வாங்கியவனின் இறுவட்டு ஊமையாகிவிட, பூட்டை உடைத்த களவுப் பிரதி இயங்குகிறது. இப்பூட்டை வைனும் எல்லா வேளைகளிலும் திறப்பதில்லை.

பெரிய நிறுவனங்களும் இப்பாதைக்கு வந்துவிட்டன. வால்வ் நிறுவனம் 2018 ஓகஸ்டில் வைனை அடிப்படையாகக் கொண்ட 'புரோட்டன்' மென்பொருளை வெளியிட்டது. 2022 இல் விற்பனைக்கு வந்த அதன் 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்கக் கருவி லினக்சில் இயங்கிக்கொண்டு விண்டோஸ் விளையாட்டுகளை ஆடுகிறது. வால்வ் தனது கடையைக் காக்கவே இதனைச் செய்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. பயன் எல்லோருக்கும் கிடைப்பதால் அதற்காகக் கோபிக்கவும் மாட்டேன். மாறாக, அப்பிள் 2019 இல் தனது மக் இயங்குதளத்திலிருந்து 32 பிட் நிரல்களை முற்றாக நீக்கியது. பழைய விளையாட்டுகள் பெருவாரியாக அடிபட்டன.

"புதுப்பித்த பதிப்பை வாங்கினால் முடிந்தது, ஏன் இந்தப் பாடு?" என்று மகன் கேட்டான். பெயர்பெற்ற சில விளையாட்டுகளுக்கு அது பொருந்தும். ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் 2010க்கு முன்னர் வெளிவந்த விளையாட்டுகளில் 87 வீதமானவை கடையில் வாங்க முடியாதவை என 2023 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நூலகங்கள் அவற்றைத் தொலைவிலிருக்கும் ஆய்வாளருக்கு இணையவழி கொடுக்க அனுமதி கேட்டபோது, அந்நாட்டின் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், இரவல் கொடுக்கவும் விடமாட்டோம் என்பது என்ன நியாயம்? விற்பனையைக் கைவிட்ட நிறுவனம், குறைந்தபட்சம் அந்தப் பூட்டையாவது கழற்றித் தரக் கடமைப்பட்டது என்பேன்.

விளையாட்டுக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். 1990களில் நாங்கள் பேஜ்மேக்கரில் பக்கங்களை அமைத்தோம். எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பு 2001 இல் வந்தது. அக்காலத்துப் பக்கங்கள் சில இன்னும் என்னிடம் தட்டுகளில் இருக்கின்றன. இன்றைய கணினியில் அவற்றின் எழுத்தை வெளியே எடுத்தாலும், உரிய எழுத்துரு இல்லையேல் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும்.

பேரன் இப்போது மூன்றாவது கோட்டையில் தடக்கி நிற்கிறான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது அந்தத் தட்டுகளையும் ஒருக்கால் பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.